கண்கள் வரைந்த அறை

அஹமது கபீர் வெளிநாட்டுச் சபரிலிருந்து வந்து நாற்பது நாளாகியும் மனைவியின் முகத்தை ஒரு தடவைகூட நேராகப் பார்க்கவில்லை. பேசுவார், சிரிப்பார், "சாப்ட்டியா நஃபீசா?" என்று கேட்பார். கேட்கும்போது பார்வை மட்டும் அவளுடைய காதோரத்தில் எங்கோ நிற்கும், அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி நிற்பதுபோல.

பண்டாரவாடையில் அவர்கள் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் சபராளிகள்தான். துபாய், குவைத், சவுதி என்று போனால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவில் வருவார்கள். கபீர் சவுதியில், தம்மாமில் தண்ணீர் டேங்கர் ஓட்டினார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். மகள் ஃபஹ்மிதாவைக் கட்டிக் கொடுத்தும் ஆகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் அவர் வந்து இறங்கிய முதல் வாரத்தில் நஃபீசாவுக்குக் கூச்சமாக இருக்கும். வீட்டுக்குள் யாரோ அந்நிய ஆள் நடமாடுவது போலிருக்கும். அப்புறம் ஒருநாள் அவர் சமையல்கட்டு வாசலில் வந்து நின்று, எதுவும் பேசாமல் அவளையே பார்த்துக்கொண்டிருப்பார். "என்ன மச்சான் அப்படிப் பாக்குறீங்க?" என்பாள். அன்றோடு கூச்சம் விட்டுப்போகும்.

இந்தத் தடவை அந்த நாள் வரவில்லை.

அவள் காரணத்தைத் தன்னிடமே தேடினாள். காதோரம் நரைத்துவிட்டது. கீழ்வரிசையில் ஒரு பல்லைப் பிடுங்கியிருந்தார்கள். உடம்பும் கொஞ்சம் போட்டிருந்தது. இனிமேல் பார்க்க என்ன இருக்கிறது என்று அவர் நினைத்திருக்கலாம். அதை யாரிடம் போய்ச் சொல்வது? சாயங்காலமானால் தலைவலி வந்தது. பள்ளிக்கூடத்தில் கண் முகாம் நடத்திய டாக்டர், தஞ்சாவூருக்குப் போய் ஒருமுறை நன்றாகப் பார்த்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தார். அதைச் சொன்னதும் கபீர், "நானும் வர்றேன்" என்று கிளம்பிவிட்டார்.

அது தொண்ணூற்றொன்பதாம் வருஷம், புரட்டாசி மாதம். கும்பகோணத்திலிருந்து வந்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார்கள். ஜன்னலோரம் அவர். சாலையின் இரண்டு பக்கமும் நடவு நடந்துகொண்டிருந்தது. நடாத வயல்களில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. மேகமெல்லாம் அதற்குள் இறங்கிப் படுத்திருந்தது. கபீர் வெகுநேரம் வெளியே முகத்தைத் திருப்பி வைத்திருந்துவிட்டு, "ஆத்துல தண்ணி நல்லா போவுது" என்றார். ஆறு இன்னும் வரவில்லை. வயலைத்தான் சொல்கிறார்போல என்று நஃபீசா நினைத்துக்கொண்டாள்.

கண் ஆஸ்பத்திரி பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம்தான். நர்ஸ் மூன்று தடவை சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்காரச் சொன்னாள். பிறகு டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்தார்.

"பயப்பட ஒண்ணும் இல்லம்மா. நரம்பெல்லாம் நல்லாருக்கு. வெள்ளெழுத்துதான், கண்ணாடி போட்டா தலைவலி போயிடும். மருந்து வேகம் இறங்கினப்புறம்தான் பவர் பாக்க முடியும். நாலரைக்கு வாங்க. அதுவரைக்கும் வெயில்ல சுத்தாதீங்க, கூசும். கிட்டத்துல இருக்கறது மங்கலாத் தெரியும், அது தன்னால சரியாயிடும்."

வெளியே வந்ததும் நஃபீசா திகைத்து நின்றுவிட்டாள். தெரு முழுக்கச் சுண்ணாம்பு கரைத்து ஊற்றியதுபோல ஒரே வெள்ளை. சைக்கிள் கம்பிகளிலிருந்து வெளிச்சம் ஊசி ஊசியாகப் பறந்தது. எதிரே பூக்காரியின் கூடையிலிருந்த சாமந்தி தீப்பிடித்ததுபோல நின்று எரிந்தது. துப்பட்டியை நெற்றிக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். அப்போது கபீர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். நடுத்தெருவில், பட்டப்பகலில் அவர் இப்படிச் செய்ததே இல்லை.

"அரமணைக்குள்ள போயி உக்காந்துருப்போம். உள்ள இருட்டா இருக்கும், கூசாது" என்றார்.

ஒரு ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு அரண்மனைக்குப் போனார்கள். அவர் மெதுவாக, ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து நடந்தார். தனக்காகத்தான் அப்படி நடக்கிறார் என்று அவளுக்கு மனசு குளிர்ந்தது.

வளாகத்துக்குள் புறாக்கள் குமுறிக்கொண்டிருந்தன. நீண்ட நடைகள், வளைவு வளைவாகத் தூண்கள். வளைவுக்கு வளைவு வெளிச்சம் குறைந்துகொண்டே போனது. ஒரு கிணற்றுக்குள் படிப்படியாக இறங்குவதுபோல இருந்தது. பழைய ஏடுகளுக்குத் தடவும் எண்ணெயின் வாசனையும் வௌவால் வாடையும் கலந்து வந்தன. நடையின் கடைசியில் ஓர் அறை. வாசலில் ஸ்டூல் போட்டு, இடுப்பில் சாவிக்கொத்தோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். காக்கிச் சட்டை போட்டிருந்தாள், ஐம்பது வயதிருக்கும். பெயர் அமிர்தம் என்று பிறகு தெரிந்தது.

"பாருங்கம்மா, நல்லாப் பாருங்க. இது கண்ணு வைத்தியத்துக்குன்னே வச்ச அறை" என்றாள். "சரபோஜி மகாராசா காலத்துல, இருநூறு வருசம் இருக்கும், இங்கியே கண்ணுல பொரை உரிச்சிருக்காங்க. வந்தவங்க கண்ணு எப்படி இருந்துச்சுன்னு படமா வரைஞ்சு, என்ன பண்ணோம், எப்படி ஆச்சுன்னு எழுதியும் வச்சிருக்காங்க. அதுக்குப் படி எடுத்து மாட்டியிருக்கு."

உள்ளே போனதும் நஃபீசாவுக்குச் சிலிர்த்தது. சுவர் முழுக்கக் கண்கள். முகம் கிடையாது, உடம்பு கிடையாது. இமையும் புருவமும் விழியுமாக, ஜோடி ஜோடியாகக் கண்கள் மட்டும். தூரத்திலிருந்து பார்க்கும்போது ஒவ்வொன்றும் துல்லியமாகத் தெரிந்தது; சிலவற்றில் கண்பாப்பாவுக்குள் பால் துளி விழுந்ததுபோல வெண்மை. கிட்டே போகப் போக அவை கரைந்தன. ஒரு கண் மீனாக மாறி நழுவியது. இன்னொன்று குளமாக விரிந்து, நடுவில் நிலா மிதந்தது. படங்களுக்குக் கீழே எழுதியிருந்ததெல்லாம் எறும்புச் சாரைபோல ஊர்ந்தது.

"மச்சான், எனக்கு ஒண்ணும் படிக்க முடியல. நீங்க படிச்சுச் சொல்லுங்களேன்."

கபீர் ஒரு பலகையின் முன் போய் நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இது ஒரு பொம்பளையோட கண்ணு. ஒரத்தநாட்டுப் பக்கம். நாத்து பறிக்கிறவ. வயசு முப்பது. வானத்துல எப்பப் பாத்தாலும் மேகமாவே இருக்கு, ஆனா மழ பெய்ய மாட்டேங்குதுன்னு வந்து சொன்னாளாம்."

"அப்படியா போட்டிருக்கு?"

"ம். வைத்தியம் பண்ணி கட்டுப் பிரிச்சதும் என்ன தெரியுதுன்னு கேட்டாங்களாம். வெயிலடிக்குதுங்கன்னு அழுதாளாம்."

நஃபீசா சுவரோரம் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். அவர் இவ்வளவு பேசி அவள் கேட்டதே கிடையாது. வெள்ளிக்கிழமை போனில் மூன்று நிமிஷம், அதிலும் பாதி "கேக்குதா, கேக்குதா" என்பதிலேயே போய்விடும். இப்போது அவர் குரல் அந்த அறையின் குளிர்ச்சியில் நிதானமாக நடந்தது.

"இது ஒரு வண்டிக்காரன். திருக்காட்டுப்பள்ளிக்காரன்" என்றார் அடுத்த பலகையின் முன் நின்று. "நெல்லு மூட்டை ஏத்திக்கிட்டு தஞ்சாவூருக்கு வருவான். கண்ணு கொஞ்சம் கொஞ்சமாப் போயிக்கிட்டே இருந்துச்சு. ஆனா யாருக்கும் தெரியாது. ஏன்னா மாட்டுக்கு வழி தெரியும். இவன் கயித்தப் புடிச்சுக்கிட்டு உக்காந்துருந்தாப் போதும். எதுக்க வர்ற வண்டிக்காரன் கொரல் குடுத்தா, கொரல வச்சே பேரச் சொல்லி நலம் விசாரிப்பான். ரெண்டு வருசம் அப்படியே ஓட்டிட்டான்."

"அப்பறம்?"

"மாட்ட மாத்துனாங்க. புது மாட்டுக்கு வழி தெரியல."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கண் கூசி நீர் வழிந்துகொண்டிருந்தது. மூடிய இமைகளுக்குள் வண்டி போனது. காவிரிக் கரையோரம், பனி இறங்கிய விடிகாலை. நெல் மூட்டைகள் மேல் ஈரம். வண்டிக்காரன் முகத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, காதால் பாதையைப் பார்த்துக்கொண்டு வந்தான். வண்டி இந்த நடைக்குள்ளேயே நுழைந்தது. தூண்களுக்கு நடுவே கண்ணில் துணி கட்டிய ஆண்களும் பெண்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் முனகவில்லை. எல்லோரும் ஒரே பக்கம் முகத்தை வைத்து, தன்னைக் கூப்பிடும் குரலுக்காகக் காத்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் தானும் உட்கார்ந்திருப்பதுபோல நஃபீசாவுக்குத் தோன்றியது. பக்கத்தில் இருப்பவரின் மூச்சுகூடக் கேட்டது.

"வண்டிக்காரன் பொண்டாட்டி என்ன சொன்னா?" என்று கேட்டாள்.

"அது எழுதல" என்றார் கபீர்.

கண்ணைத் திறந்தபோது அவர் அறையின் அந்தக் கோடிக்குப் போயிருந்தார். பத்து பன்னிரண்டு அடி தூரம். அந்தத் தூரத்தில் அவளுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அவர் சட்டைக் காலரில் விட்டுப்போன தையல்கூட. அவர் ஒரு படத்தின் சட்டத்தை விரல் நுனியால் தடவி, அது முடியும் இடத்தைக் கண்டுபிடித்து, அடுத்ததற்கு நகர்ந்தார். நகரும்போது கண்ணாடிப் பெட்டியில் முழங்கால் இடித்தது. வலியைக் காட்டிக்கொள்ளாமல் திரும்பி, அவள் இல்லாத ஒரு மூலையைப் பார்த்துச் சிரித்தார்.

இடித்துக்கொண்டதை மறைக்கிறாராக்கும் என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அமிர்தம் உள்ளே வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "சொட்டு மருந்து விட்டாங்களாம்மா? கண்ணு செவந்திருக்கு."

"ஆமாங்க. அந்த வண்டிக்காரன் படத்தை மட்டும் போறதுக்குள்ள கிட்டக்கப் போயிப் பாக்கணும்."

"எந்த வண்டிக்காரன்?"

"திருக்காட்டுப்பள்ளி வண்டிக்காரன். இப்ப இவங்க படிச்சாங்களே."

அமிர்தம் யோசித்தாள். "அப்படி யாரும் இதுல இல்லியேம்மா. பன்னண்டு வருசமா இங்கதான் இருக்கேன், எனக்கு எல்லாம் மனப்பாடம். உங்க வீட்டுக்காரரு நின்னு படிச்சது அந்தப் பலகையா?" என்று கையைக் காட்டிவிட்டுச் சிரித்தாள். "அது நாங்க மாட்டுனது. கண்ணாடியத் தொடாதீங்க, எச்சி துப்பாதீங்கன்னு போட்டிருக்கு."

நஃபீசாவும் சேர்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நின்றாள்.

நாற்பது நாட்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி வந்தன. வாசற்படியை ஒவ்வொரு தடவையும் காலால் துழாவிவிட்டு இறங்கியது. ஃபஹ்மிதா வந்து நின்றபோது, அவள் "அத்தா" என்று குரல் கொடுக்கும்வரை பேசாமல் நின்றது. பேப்பர் வாங்காமல் ரேடியோவே போதும் என்றது. மச்சினன் மோட்டார் சைக்கிள் சாவியை நீட்டியபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டது. பஸ்ஸில், இன்னும் வராத ஆற்றில் தண்ணீர் போகிறது என்றது.

எழுந்து அவரிடம் போனாள். கிட்டே போகப் போக அவர் முகம் கலங்கி, நீரில் விழுந்த முகம்போல ஆனது.

"மச்சான், நான் இன்னிக்கு என்ன கலர் சேலை கட்டியிருக்கேன்?"

"என்ன திடீர்னு?"

"சொல்லுங்க."

"பச்ச" என்றார். அவள் கட்டியிருந்தது மஞ்சள். அவள் பதில் சொல்லாமல் நின்றதிலேயே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். கை நீட்டிச் சுவரைத் தொட்டுக்கொண்டார்.

"எத்தன நாளா?" என்றாள்.

"ரெண்டு வருசமா மங்கிக்கிட்டே வருது. வலது பக்கம் இப்ப ஒண்ணுமே இல்ல, வெறும் பொக. இடதுல நெழலாட்டம் தெரியும். வெளிச்சத்துல அதுவும் போயிரும்." அவர் குரல் தாழ்ந்தது. "தம்மாம் ரோடு எனக்கு மனப்பாடம் புள்ள. எங்க வளைவு, எங்க மேடுன்னு உடம்புக்கே தெரியும். அத வச்சே ஓட்டிட்டேன். லைசன்ஸ் புதுப்பிக்கறப்ப கண்ணு டெஸ்ட்டு வச்சாங்க. மொத வரியே தெரியல. பாஸ்போர்ட்டுல எக்ஸிட் அடிச்சு அனுப்பிட்டாங்க. இது லீவு இல்ல நஃபீசா. நான் முடிச்சுக்கிட்டு வந்துட்டேன்."

"என்கிட்ட சொல்ல மாட்டீங்களா?"

"என்னன்னு சொல்றது? சம்பாதிக்கப் போன ஆளு குருடனாத் திரும்பி வந்திருக்கேன்னா?"

அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"நாப்பது நாளா நான் என்ன நெனச்சுக்கிட்டு இருந்தேன் தெரியுமா? எனக்கு வயசாயிடுச்சு, நரச்சுப்போச்சு, அதான் உங்களுக்கு என்னப் பாக்கப் புடிக்கலன்னு நெனச்சேன். தெனம் தலைக்கு மருதாணி அரைச்சுப் போட்டேன். நீங்க பாக்கலியேன்னு கண்ணாடி முன்னாடி நின்னு அழுதேன். சமயக்கட்டு வாசல்ல வந்து நிப்பீங்களேன்னு எத்தன நாள் பாத்தேன்!"

"வந்து நின்னேனே" என்றார் கபீர். "வந்த மறுநாளே வந்து நின்னேன். அடுப்பு வெளிச்சம் மட்டுந்தான் தெரிஞ்சுது. நீ எந்தப் பக்கம் நிக்கிறேன்னு தெரியல. திரும்பிப் போயிட்டேன்."

வாசலில் புறா ஒன்று வந்து உட்கார்ந்து, பறந்து போனது. நஃபீசா அவர் கையைச் சுவரிலிருந்து எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அங்க டாக்டரப் பாத்தீங்களா?"

"பாத்தேன். ஆபரேசன் பண்ணணும்னான். கண்ணுல கத்தி வைக்கறது... பண்ணி, இருக்கற நெழலும் போயிருச்சுன்னா? ஊருக்கு வந்து ஒரு தடவையாவது எல்லாத்தயும் பாத்துட்டு அப்பறம் பாத்துக்கலாம்னு வந்தேன். வந்தா ஒண்ணுமே தெரியல."

அமிர்தம் காதில் விழாததுபோல இவ்வளவு நேரமும் ஒரு படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இப்போது துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கிட்டே வந்தாள்.

"அய்யா, தப்பா நெனச்சுக்காதீங்க. கைய இப்படிக் குடுங்க" என்று கபீரின் விரலைப் பிடித்து ஒரு படத்தின் கண்ணாடிமேல் வைத்தாள். "கண்ணாடியத் தொடக்கூடாதுதான், பரவால்ல. இது வைத்தியத்துக்கு முன்னாடி. பாப்பா பூராவும் வெள்ள." விரலை நகர்த்தினாள். "மயக்க மருந்து இல்லாத காலம். இப்ப இருக்கற லென்சு கெடையாது. அப்பவும் ஆளுங்க நடந்து வந்து, ரெண்டு பேரு தலையப் புடிச்சுக்க உக்காந்திருக்காங்க. பயப்படாமலா வந்திருப்பாங்க? எங்க மாமனாருக்குப் போன தையில பண்ணுனோம். காலையில போயி மத்தியானம் சோறு கேட்டாரு. இப்ப எம் மொகத்தப் பாத்து, நீ இவ்ளோ கருப்பான்னு கேக்குறாரு. பார்வை வராமலே இருந்திருக்கலாம் அந்த மனுசனுக்கு."

கபீர் சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைந்து, தோள் குலுங்கியது. நஃபீசா துப்பட்டியின் நுனியால் அவர் முகத்தைத் துடைத்தாள். அவர் முகம் அவளுக்கும் சரியாகத் தெரியவில்லை. தடவித்தான் கன்னத்தைக் கண்டுபிடித்தாள்.

நாலரை மணிக்கு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "வாங்கம்மா, பவர் பாத்துடலாம்" என்றார். "எனக்கு அப்பறம் பாத்துக்கலாம் டாக்டர். மொதல்ல இவங்களப் பாருங்க" என்று நஃபீசா கபீரை நாற்காலியில் உட்கார வைத்தாள்.

டாக்டரம்மா வெகுநேரம் பார்த்தார். வலது கண்ணில் புரை முற்றிவிட்டது, அதை முதலில் எடுக்கலாம், இடதை இரண்டு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார். பின்னால் நரம்பு எப்படி இருக்கிறதென்று புரையை எடுத்தால்தான் முழுசாகத் தெரியும், அதனால் இப்போதே எந்த உறுதியும் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னார். சர்க்கரை இருந்தது. அது குறையப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. அந்தப் பன்னிரண்டு நாளும் கபீர் திண்டாடினார். வேண்டாம் என்பார், சரி என்பார், மறுபடியும் வேண்டாம் என்பார். நஃபீசா வாதாடவில்லை. விடிகாலையில் பஜ்ர் தொழுதுவிட்டு, பாயிலேயே உட்கார்ந்து துஆ கேட்டாள். பிறகு அவருக்குக் கோதுமைக் கஞ்சி காய்ச்சினாள். ஃபஹ்மிதாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள், "அத்தா இனி இங்கயேதானா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் கவலையைவிட வேறு ஏதோதான் அதிகமாக இருந்தது. அதைக் கேட்ட கபீர், அதற்குப் பிறகு வேண்டாம் என்று சொல்வதை நிறுத்திவிட்டார்.

ஆபரேஷன் அரை மணி நேரத்தில் முடிந்தது. மறுநாள் காலை நர்ஸ் கட்டைப் பிரித்தாள். கபீர் கண்ணை இறுக மூடிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"தொறங்க அய்யா, தொறந்தாத்தானே தெரியும்" என்றாள் நர்ஸ்.

திறந்தார். முதலில் ஜன்னலைப் பார்த்தார். பிறகு சுவரை, தன் கையை. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன்பின் தலையைத் தூக்கினார். நஃபீசா கட்டிலின் கால்மாட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் பார்வை அவள் காதோரம் போகவில்லை. நேராக வந்து அவள் முகத்தில் நின்றது. நரை, பல் போன இடம், கண்ணுக்குக் கீழே விழுந்த சுருக்கம் என்று ஒவ்வொன்றாக அவர் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது. ஓடிவிடலாம் போலிருந்தது.

"கொஞ்சம் கலங்கலாத்தான் இருக்கு" என்றார். "ஆனா நீதான்."

எழுத்துப் பலகையில் கடைசி இரண்டு வரி போக மீதியைக் கபீர் படிக்கிறார் என்று டாக்டரம்மா சொன்னார். ஓரத்தில் ஒரு சின்ன மறைப்பு இருக்கும், அது போகாது. கனரக வண்டி இனி வேண்டாம் என்றார். கபீர் தலையசைத்தார்.

மத்தியானம் ஊருக்கு பஸ் ஏறினார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். நட்ட வயல்கள் பச்சை பிடித்திருந்தன. காற்று வீசும்போது தண்ணீரும் பயிரும் சேர்ந்து நடுங்கின. வெண்ணாற்றுப் பாலத்தில் பஸ் ஏறியபோது கரை தொட்டுத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. நஃபீசா அதை அவருக்குக் காட்டலாமென்று திரும்பினாள். அவர் ஆற்றைப் பார்க்கவில்லை.

அவளுக்கு முகம் சூடாகிவிட்டது. பஸ்ஸில் தெரிந்தவர்கள் இருந்தார்கள். தூக்கம் வந்தவள்போலத் தலையைக் கம்பியில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அய்யம்பேட்டையில் ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். யாரோ கோழிக்கூடையை அவள் காலருகே வைத்தார்கள். அவள் கண்ணைத் திறக்கவே இல்லை. அவர் பார்த்துக்கொண்டே வரட்டும் என்று பண்டாரவாடை வரைக்கும் அப்படியே இருந்தாள்.